வகுப்பில் சேராத பாதி

பால் பொங்கும்போது மட்டும்தான் ரெங்கநாயகி தெலுங்கு பேசினாள். பள்ளிக்கூடத்தில் தமிழ், மளிகைக் கடையில் தமிழ், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சந்திரகலாவோடு தமிழ். அடுப்பில் பால் தளும்பி மேலே வரும்போது மட்டும் அவளை அறியாமல் வாயிலிருந்து வீட்டுப் பேச்சு வந்துவிடும். கத்திக்கொண்டே ஓடி அடுப்பை அணைத்த பிறகுதான், அதைக் கேட்க வீட்டில் ஆளில்லை என்பது உறைக்கும்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊர் அவளுடையது. அவள் சாதிசனத்துக்கு வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எந்தக் காலத்திலோ வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பார்கள். வந்த வழியும் மறந்து எழுத்தும் மறந்து, பேச்சு மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரெங்கநாயகிக்குத் தெலுங்கில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் கோபம், கொஞ்சல், சண்டை எல்லாம் அதில்தான். புருஷன் குருசாமிக்கு மைன்ஸில் வேலை கிடைத்து நெய்வேலிக்கு வந்தபோது, அந்த பிளாக்கிலேயே தெலுங்கு பேசிய வீடு அவர்களுடையது ஒன்றுதான். ஷிப்ட் முடிந்து கரித்தூசியோடு வருவான். அவனுக்கு வெந்நீர் விளாவி வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தால், சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை ஓயமாட்டார்கள். அப்படி என்னதான் பேசினீர்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது. புருஷன் பெண்டாட்டி பேச்சு அப்படித்தான்.

எழுபத்தாறில் மஞ்சள் காமாலை வந்து குருசாமி போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. காரியம் முடிந்ததும், "ஊருக்கே வந்துரு தாயி" என்று அண்ணன் கூப்பிட்டான். பக்கத்தில் நின்ற அண்ணி வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாய்க்கு அர்த்தம் புரியாதவளா ரெங்கநாயகி? அவளுக்கு டவுன்ஷிப் விளிம்பில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை இருந்தது. அந்த வேலையைக் காட்டிச் சின்னக் குவார்ட்டர்ஸ் ஒன்றும் அவள் பேருக்குக் கிடைத்தது. இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஊர்ச்சனம் ரயிலேறிய அன்றோடு அந்த வீட்டில் தெலுங்கு நின்றது.

டவுன்ஷிப்பில் யாரும் யாரையும் பட்டினி போட்டுவிட மாட்டார்கள். சந்திரகலா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி, நல்ல மனசுக்காரி. ஒரு கிண்ணம் குழம்பாவது தராத நாள் கிடையாது. ஆனாலும் ரெங்கநாயகிக்குத் தான் எந்த நேரமும் விருந்தாளி வீட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. எதையும் யோசிக்காமல் வாய்க்கு வந்ததைப் பேச ஓர் ஆள் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய பட்டினி என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது சுரங்கத்துக்கு மண்வேலை ஆரம்பித்த சமயம், கான்ட்ராக்ட்காரர் ஒருவர் மண்வெட்டும் போயர் சனத்தை லாரி லாரியாகக் கூட்டிவந்து இறக்கினார். வடக்குத்து கிராமத்துப் பக்கம் முந்திரித்தோப்பு ஓரத்தில் ஓலைக் குடிசைகள் முளைத்தன. அவர்கள் பேச்சும் ஒரு தினுசான தெலுங்குதான். யாரோ ஒரு புண்ணியவான் அதிகாரி உத்தரவு போட்டதில் அந்தக் குடிசைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தன. சேர்ந்தன என்று பேர்தான். பின்வரிசையில் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, வகுப்பு முடிந்ததும் அப்படியே எழுந்து போய்விடும். பாடம் தலைக்கு மேலே காக்கை மாதிரி பறந்து போகும்.

"எத்தக் கேட்டாலும் முழிச்சிக்கினு குந்திகினு இருக்குதுங்க டீச்சர். மக்குப் பசங்கள என் தலையில கட்டிட்டாங்க" என்பார் ஹெட்மாஸ்டர் கொளஞ்சிநாதன். உள்ளூர்க்காரர். கெட்டவர் இல்லை, பொறுமைதான் கிடையாது.

ஒருநாள் பின்வரிசையில் எல்லம்மா என்ற பெண்ணின் சிலேட்டு விழுந்து உடைந்து, அது விசும்பி விசும்பி அழுதது. ரெங்கநாயகி பக்கத்தில் போய்க் குனிந்து, ஏன் அழுகிறாய் என்று தன் வீட்டுப் பேச்சில் கேட்டுவிட்டாள். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, வந்துவிட்டது. பின்வரிசை மொத்தமும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அடுத்த நிமிஷம் மக்குப் பிள்ளைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. யார் தள்ளியது, யார் தடுத்தது, சிலேட்டு எந்தச் சந்தையில் வாங்கியது, வீட்டுக்குப் போனால் அம்மா எப்படி அடிப்பாள் என்று வகுப்பே சந்தைக்கடை ஆகிவிட்டது. ரெங்கநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் பிறந்த வீட்டுக் கிணற்றை வெட்டியவர்களும் இதே சனம்தான். அப்போது அவர்கள் பேச்சைப் பழித்துக்காட்டி வீட்டார் சிரித்திருக்கிறார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இன்று அந்தப் பேச்சு காதில் விழுந்ததும், யாரோ தோளில் கை வைத்த மாதிரி இருந்தது.

விஷயம் எப்படியோ மெட்ராஸ்வரை போயிற்று. கல்வி ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றிலிருந்து பன்னீர்செல்வம் என்ற இளவயது அதிகாரி வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே பாடம் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழுக்குக் கூட்டிவருவது என்று ஒரு திட்டம். இரண்டு வருஷம் நடத்திப் பார்ப்பார்கள். பலன் தெரிந்தால் மற்ற ஜில்லாக்களிலும் தொடங்குவார்கள். இல்லையென்றால் மூடிவிடுவார்கள். அந்த வகுப்பை நடத்த ரெங்கநாயகியைக் கேட்டார்கள். கரும்பு தின்னக் கூலியா? தலையை ஆட்டினாள். தெலுங்கு எழுத்து தெரியாதே என்றதற்கு, "தமிழ் எழுத்துலயே எழுதிப் போடுங்க டீச்சர், அதுதான் நமக்கும் வேணும்" என்றார் பன்னீர்செல்வம்.

பிறகுதான் அவர் பாதிக் கணக்கைச் சொன்னார். பிள்ளைகளில் பாதிதான் புது வகுப்பில். மீதிப் பாதி வழக்கம்போலத் தமிழ் வகுப்பின் பின்வரிசையிலேயே இருக்கவேண்டும். "எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டா, வந்த முன்னேற்றம் இந்த வகுப்பாலதானா, வயசு ஏறினதாலயான்னு எப்படித் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாதி அப்படியே இருக்கணும்" என்று விளக்கினார். பிள்ளைகளின் பேரைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். எல்லம்மா மீதிப் பாதியில் விழுந்தாள். சிலேட்டு உடைந்து அழுது இத்தனைக்கும் பிள்ளையார்சுழி போட்டவளே வெளியில்!

"ஒரு கண்ணுக்கு வெண்ணெ, ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. நல்லாத்தான் பண்றாங்க ஆராய்ச்சி" என்று முணுமுணுத்தார் கொளஞ்சிநாதன். அதிகாரி முன்னால் சொல்லவில்லை.

எல்லம்மாவின் அம்மா நாகம்மாவுக்குச் சேதி சொல்ல வேண்டிய பொறுப்பு ரெங்கநாயகிக்கு. மண்வேலை நடக்கும் இடத்துக்கே போனாள். வெட்டி முடித்த பெரிய பள்ளத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மண் தூண் நின்றது. மேலே பழைய புல்கூட அப்படியே இருந்தது. எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று அளந்து பார்ப்பதற்காக, வெட்டாமல் விட்டுவைக்கிற மண் அது. அதைப் பார்த்ததும் ரெங்கநாயகிக்கு வழி கிடைத்துவிட்டது. அந்தத் தூணைக் காட்டி, இதே மாதிரிதான் எல்லம்மாவைக் கொஞ்சநாள் விட்டுவைக்கிறார்கள், பக்கத்தில் எவ்வளவு வெட்டியிருக்கிறது என்று தெரியவேண்டுமே என்று அவர்கள் பேச்சிலேயே சொன்னாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நாகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "புரியுது டீச்சரம்மா. இத நாங்க அளவு முடிஞ்சதும் வெட்டிடுவோம். எம் பொண்ண எப்ப வெட்டுவாங்க?" என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அளவு முடிவதற்கு இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் எல்லம்மாவுக்குத் தலையில் மண் சட்டி ஏறிவிடும். அது ரெங்கநாயகிக்கும் தெரியும், நாகம்மாவுக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குவார்ட்டர்ஸ் கதவு தட்டப்பட்டது. இடுப்பில் தம்பியோடு எல்லம்மா நின்றாள். வரச்சொன்னது ரெங்கநாயகிதான். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு பிள்ளைகள் கூட வந்தன. ஒரு மாதத்துக்குள் மீதிப் பாதி மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுத் தரையில்தான் உட்கார்ந்திருந்தது. வாரம் முழுக்க ஒரு பாதிக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னதை, ஞாயிற்றுக்கிழமை மறுபாதிக்கு வீட்டில் சொன்னாள். தெலுங்குக் கதையைத் தமிழ் எழுத்தில் எழுதிப் போட்டு வாசிக்க வைத்தாள். வாசித்ததைத் தமிழில் திருப்பிச் சொல்ல வைத்தாள். முடிந்ததும் ஆளுக்கொரு கை பொரிகடலை.

பிள்ளைகளுக்காகத்தான் செய்தாளா? நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், அவளே ஒத்துக்கொள்ளாவிட்டால். பாதி பிள்ளைகளுக்காக, பாதி தன் காதுக்காக என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்பது முன்பெல்லாம் அவளை விழுங்க வரும் பொழுது. இப்போது சனிக்கிழமையே வீட்டைப் பெருக்கிக் காத்திருந்தாள். பிள்ளைகள் அவளிடம் சண்டைக்கு வந்தன, பொய் சொல்லின, கோள் மூட்டின. எல்லாம் தெலுங்கில். குருசாமிக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த நாட்களில்தான்.

பிளாக்கில் முணுமுணுப்பு எழுந்தது. "ஏனுங்க்கா, செம்மண் காலோட இத்தன பேரும் வராங்களே, பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பேசறாங்க" என்று சந்திரகலா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வாசல்ல தண்ணி வச்சுக் கால் கழுவச் சொல்லுதேன் சந்திரா" என்றாள் ரெங்கநாயகி. மறுவாரம் சந்திரகலா குழம்புக் கிண்ணம் தரவில்லை. அதற்கடுத்த வாரமும் தரவில்லை. குழம்புக்காக வருத்தப்படவில்லை என்றாலும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

இதில் ஓர் ஆச்சரியம் பாருங்கள். தான் செய்வது ஆராய்ச்சிக்கு விரோதம் என்று அவளுக்கு உள்ளூர ஒருநாளும் தோன்றவில்லை. அதிகாரியிடம் மறைத்தாள்தான். ஆனால் அது, மதிய உணவில் ஒரு கரண்டி கூடப் போட்டதை மறைப்பது போல. எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பதைப் பார்த்தால் அவருக்கு இரட்டைச் சந்தோஷமாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். பிள்ளை படித்தால் யாருக்காவது கசக்குமா? வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது.

இரண்டு வருஷம் முடிந்து பரீட்சை வைக்க பன்னீர்செல்வம் வந்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார், கேள்வி கேட்டார். வகுப்பில் இருந்த பாதி நன்றாகச் செய்தது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு மீதிப் பாதி வந்தது. எல்லம்மா தமிழ்ப் பாடத்தை நீரோட்டமாக வாசித்து, அர்த்தத்தையும் சொல்லிவிட்டு, கதவோரம் நின்ற ரெங்கநாயகியைப் பார்த்துச் சிரித்தாள். ரெங்கநாயகிக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதுதான் அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்க வாசிக்க அது வாடிக்கொண்டே போனது.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் அறையில் பன்னீர்செல்வம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பாதிக்கும் வித்தியாசமே இல்ல டீச்சர். சாதாரண வகுப்புல உட்கார்ந்த பிள்ளைங்களும் இதே அளவு படிக்குதுங்க. அப்புறம் தனி வகுப்பு எதுக்குன்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது? இங்க மட்டுமில்ல, மத்த ஊர்லயும் தொடங்க மாட்டாங்க."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். ரெங்கநாயகிக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தான் கட்டியதே தன் வகுப்பை இடித்துவிட்டது. சொன்னால் வேலைக்கே உலை. சொல்லாவிட்டால், இந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் பேச்சே தேவையில்லை என்று எழுதிவிடுவார்கள். எங்கெங்கோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

"சார், மீதிப் பிள்ளைகளுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டுல."

பன்னீர்செல்வம் கண்ணாடியை எடுத்து மெல்லத் துடைக்க ஆரம்பித்தார். கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார். "உங்கமேல நடவடிக்கை எல்லாம் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ரெண்டு வருஷம் செல்லாது. மேல பேசி, புதுசா வந்திருக்கிற பிள்ளைங்கள வச்சு இன்னொரு தடவை நடத்த அனுமதி வாங்கிடலாம். வகுப்பும் உங்க கையிலயே இருக்கும். ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவை மீதிப் பாதியை நீங்க தொடக்கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

கேட்டதைக் கொடுத்திருக்கலாம். வாய்வார்த்தைதானே? கொடுத்துவிட்டுப் பிறகு மீறியும் இருக்கலாம். ஆனால் மீறினால் மறுபடியும் இதே கதிதான். மீறாமல் இருந்தால் இன்னொரு எல்லம்மா பின்வரிசையில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொளஞ்சிநாதன், சரி என்று சொல்லுங்கள் என்பது போல அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வகுப்பு போய்விட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று ரெங்கநாயகி நினைத்துப் பார்த்தாள். குவார்ட்டர்ஸ் மிஞ்சும்.

"முடியாதுங்க சார்" என்றாள். "நீங்க சொல்லுதது நியாயம். உங்க மேல கோவமே இல்ல. ஆனா ஒரு பிள்ள கதவத் தட்டுனா நான் தெறந்திருவேன். அது தெரிஞ்சுக்கிட்டே வாக்குக் குடுக்க மாட்டேன்."

அந்தப் பேச்சு தெரிந்த வேறு டீச்சர் அங்கே கிடையாது, அத்தோடு வகுப்பு நின்றது. பன்னீர்செல்வம் நேர்மையானவர். நடந்ததை நடந்தபடியே எழுதினார் என்றும், ஒப்பிட வழியில்லாத சோதனை என்று மேலே ஓரமாகக் கட்டிவைத்துவிட்டார்கள் என்றும் கொளஞ்சிநாதன் பிற்பாடு சொன்னார். "சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னாங்க டீச்சர்? வேற ஊருக்காச்சும் வந்திருக்குமே" என்றார். அதே கேள்வியை அவளும் பல நாள் தன்னையே கேட்டிருக்கிறாள். செய்தது சரிதானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எண்பத்திரண்டு கோடையில் மண்வேலை கான்ட்ராக்ட் முடிந்தது. குடிசைகளைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரெங்கநாயகி போனாள். ஓலை, கடப்பாரை, சட்டிபானை, கோழிக்கூடை எல்லாம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. நாகம்மா தூரத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எல்லம்மா லாரியின் மேலே உட்கார்ந்திருந்தாள். வளர்ந்துவிட்டாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்று கையை ஆட்டினாள்.

"டீச்சர்! நாங்க சேலம் பக்கம் போறோம்! அங்க இஸ்கூல்ல என்னைச் சேத்துக்குவாங்கதானே? நான் எல்லாத்தையும் படிச்சுக் காமிப்பேன்!"

அட்சர சுத்தமான டவுன்ஷிப் தமிழ். அவ்வளவு சத்தமாக, அவ்வளவு பெருமையாகப் பேசினாள். லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். முன்பு ஒரு வார்த்தை வராமல் விசும்பிய பெண் இவள்தான் என்றால் நம்புவானா?

ரெங்கநாயகிக்கு நெஞ்சு நிறைந்தது. கூடவே ஓர் ஆசையும் வந்தது. லாரிப் பக்கம் போய், சோறு தின்றாயா அம்மா என்று அவர்கள் இருவருக்கும் பொதுவான அந்தத் தெலுங்கில் கேட்டாள்.

"சாப்ட்டேன் டீச்சர்" என்றாள் எல்லம்மா, தமிழில். "நீங்க சாப்ட்டீங்களா?"

டீச்சருக்கு எந்தப் பேச்சு பிடிக்கும் என்று அந்தப் பெண் நினைத்தாளோ, அதிலேயே பதில் சொன்னாள். சொல்லிக் கொடுத்தது இதற்குத்தான். இந்த ஒரு பதிலுக்காகத்தான் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும். ஆனாலும் ஒரே ஒரு வார்த்தை, போய்வருகிறேன் என்ற ஒரு வார்த்தை தெலுங்கில் சொல்லமாட்டாளா என்று ரெங்கநாயகி ஏங்கினாள். இனி அந்தப் பேச்சில் தன்னிடம் பேச நெய்வேலியில் ஆள் கிடையாது. கேட்டு வாங்கலாம்தான். தமிழில் பேசிய பெருமையோடு நிற்கும் பெண்ணிடம் போய், தெலுங்கில் சொல்லு என்று எப்படிக் கேட்பது?

லாரி உறுமியது. எல்லம்மா இன்னும் பதிலுக்காக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டேம்மா" என்றாள் ரெங்கநாயகி. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.